காட்டில் ஏன் படுக்க வேண்டும் என்று கேட்ட அம்மாவுக்கு

டொரன்டோ,
ஆகஸ்ட்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று தம்பி சொன்னான். குறைந்துவிட்டதே என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள் அப்பா.

அம்மா, கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்று தொலைபேசியில் சொன்னவுடன், "சொந்த வீடு இருக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டில் போய் ஏன் படுக்க வேண்டும்?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்டாயா, பயத்தில் கேட்டாயா என்று தெரியவில்லை. போய் வந்துவிட்டோம். உன் கேள்விக்கு நிதானமாகப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை இங்கே விடுமுறை. அதற்கு முன் வரும் சனி, ஞாயிறையும் சேர்த்துக்கொண்டு அல்கான்குவின் பூங்காவுக்குப் போனோம். காரில் வடக்கே மூன்று மணி நேரம். பூங்கா என்றதும் நம் மாநகராட்சிப் பூங்காவை நினைத்துவிடாதே. 1893-லேயே அரசு பாதுகாத்து ஒதுக்கிய காடு இது. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் திருச்சி மாவட்டம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். உள்ளே ஏரிகளுக்குக் கணக்கில்லை. ஒரு கூடார இடத்தில் ஆறு பேர்தான் தங்கலாம் என்பது விதி. அதனால் மூன்று குடும்பங்களுக்கு மூன்று இடங்களை அடுத்தடுத்து எடுத்திருந்தோம்: நாங்கள், பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத் தோழியின் குடும்பம், இவருடன் வேலை பார்க்கும் பஞ்சாபி நண்பரின் குடும்பம்.

நீ முதலில் கேட்கப் போவது கரடியைப் பற்றித்தான். இருக்கிறது, கருங்கரடி. அது நம்மைத் தேடி வருவதில்லை, சோற்று வாசனையைத்தான் தேடி வருகிறது. அதனால் சாப்பிட்டு முடித்த மறு நிமிடமே பாத்திரம், மாவு, முறுக்கு டின், பற்பசை, சோப்பு வரை எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் துண்டுகூடக் கூடாது. இருட்டிய பிறகு காவலர்கள் ஒவ்வோர் இடமாக வந்து மேசையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மனிதர் சாப்பாட்டின் ருசி பழகிய கரடி பயம் விட்டு மறுபடி மறுபடி வரும்; கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலைகூட வந்துவிடும். நாம் மேசையைத் துடைப்பது கரடியைக் காப்பாற்றவும்தான் என்று சின்னவளுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டிலும் அவளே மேசையைத் துடைக்கிறாள்.

தோழியின் தாயாரும் வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் அவரை அம்மம்மா என்றே கூப்பிடுகிறோம். வரும்போதே, கூடாரத்தில் படுக்க மாட்டேன், காரிலேயே சாய்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் அடுப்பு மூட்ட ஆண்கள் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து விறகு கொண்டுவர வேண்டாம் என்கிறார்கள். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் ஆசிய வண்டு ஒன்று 2002-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. விறகோடு விறகாக அது ஊர் ஊராகப் பயணம் போகிறதாம். அங்கேயே வாங்கிய கட்டு கொஞ்சம் ஈரமாக இருந்தது. தீக்குச்சி தீர்ந்ததே தவிர நெருப்பு நிற்கவில்லை. அம்மம்மா எழுந்து வந்தார். ஒரு கட்டையைச் சிறாய் சிறாயாகப் பிளந்து தரச் சொன்னார். சிறாயைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடியில் காய்ந்த பிர்ச் பட்டையைச் செருகி, காற்று வரும் பக்கம் பார்த்து ஒரே குச்சியில் பற்றவைத்தார். ஈர விறகை மேலே போடாமல் நெருப்பைச் சுற்றிச் சாய்த்து நிறுத்தினார். அதன் முனைகளில் நுரை பொங்கி, அடங்கி, பிறகு அதுவும் எரிந்தது.

அந்த நெருப்பில் இரும்புக் கல்லைப் போட்டு நான் தோசை வார்த்தேன். அவர் தேங்காய்ச் சம்பல் இடித்தார். பஞ்சாபி நண்பரின் மனைவி இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தார். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் எந்த வீட்டுத் தட்டு என்று பார்க்காமல் சாப்பிட்டார்கள். அப்போதுதான் அம்மம்மா பேசினார். 1995 அக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணமே ஒரே இரவில் காலிசெய்துகொண்டு கிளம்பியபோது, கொட்டும் மழையில், நகர முடியாத கூட்டத்தோடு, என் தோழியைக் கையில் பிடித்துக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்தவர் அவர். பிறகு பல மாதம் தறப்பாளின், அதாவது நம் தார்ப்பாயின், கீழ்தான் வாழ்க்கை. ஈர விறகை எரிக்க அங்கேதான் பழகினாராம். தோழியே இதையெல்லாம் முழுதாகக் கேட்டது அன்றுதான். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அம்மா. இதைப் பேச அந்த வீட்டில் ஒரு மாலைப் பொழுது கிடைக்கவில்லை.

இரண்டாம் இரவு பேரப்பிள்ளைகள் இழுத்த இழுப்பில் அவரும் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார். காலையில், நன்றாகத் தூங்கினேன் என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்பா, இது உங்களுக்கு. இந்தக் காட்டுக்குள் 1896-இல் ரயில் ஓடியிருக்கிறது. ஒட்டாவாவின் மர வியாபாரி ஜே. ஆர். பூத் போட்ட தடம். பைன் மரங்களையும், மேற்கிலிருந்து வந்த தானியத்தையும் ஏற்றிக்கொண்டு சரக்கு வண்டிகள் ஓயாமல் போனதாம். இன்று தண்டவாளம் இல்லை. அந்தத் தடம் சைக்கிள் பாதை. பெரியவன் என்னோடு ஓட்டி வந்தான். சுற்றிலும் மேடும் பள்ளமுமாக இருக்க, இந்தப் பாதை மட்டும் ஏன் இப்படிச் சமமாக இருக்கிறது என்று கேட்டான். வண்டியால் செங்குத்தான ஏற்றம் ஏற முடியாது, அதனால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பித்தான் தடம் போடுவார்கள் என்று, பொன்மலையில் நீங்கள் எனக்குச் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னேன். தாத்தா வந்தால் எந்த இடத்தில் வெட்டினார்கள், எந்த இடத்தில் நிரப்பினார்கள் என்று காட்டுவாரா என்று கேட்டான்.

இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டுகிறது. ஆனால் அந்த இருட்டு டொரன்டோவில் கிடைக்காத இருட்டு. நம் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவருக்குச் சற்று மேலே, தேடித் தேடிக் காட்டுவீர்களே துருவ நட்சத்திரம், அது இங்கே பாதி வானத்தில் நிற்கிறது. சப்தரிஷி மண்டலம் இந்த ஊரில் மறைவதே இல்லை. வருடம் முழுவதும் துருவனைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வசிட்டர் பக்கத்தில் அருந்ததியை பஞ்சாபிப் பிள்ளைகளுக்கும் காட்டினேன். அவர்கள் வீட்டிலும் அதே கதை இருக்கிறது.

இந்த நாட்டு ஒரு டாலர் நாணயத்தில் ஒரு பறவை இருக்கும், லூன் என்று பெயர். காலையில் துடுப்புப் படகில் போனபோது மிக அருகில் பார்த்தோம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, ரத்தச் சிவப்பில் கண். சாம்பல் நிறக் குஞ்சைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தாய் முங்கியது. வெகுநேரம் காணோம். எங்கோ தூரத்தில் மீனோடு எழுந்து, நீந்தி வந்து குஞ்சின் வாயில் வைத்தது. கைதட்ட வேண்டும் போலிருந்தும் சின்னவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஏன் படுக்க வேண்டும் என்றாய். நவம்பரில் சாத்துகிற ஜன்னலை நாங்கள் ஏப்ரலில்தான் திறக்கிறோம், அம்மா. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பதே பனி அள்ளும்போதுதான். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதென்றாலும் முன்கூட்டியே கேட்டு, நேரம் குறித்துப் போகிறோம். திண்ணையும் கிணற்றடியும் உனக்குக் கொடுத்தது எனக்கு இங்கே கோடையில், ஒரு பொது நெருப்பைச் சுற்றித்தான் கிடைக்கிறது. என் பிள்ளைகளுக்கு அது வேண்டும். எனக்கும் வேண்டும்.

அடுத்த ஆண்டு நீங்கள் இருவரும் வர வேண்டும். மே, ஜூனில் கடிக்கும் கறுப்பு ஈக்கள் அதிகம், அதனால் ஜூலை கடைசியில் வாருங்கள். கழிப்பறையும் வெந்நீரும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அப்பாவின் முழங்காலுக்கு மடக்குக் கட்டில் வாங்கிவிடுகிறேன். இடம் பிடிக்க ஐந்து மாதத்துக்கு முன்பே, காலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் உட்கார வேண்டும். அதாவது பிப்ரவரி கடைசியில். விசாவுக்கு அதற்கும் முன்பே எழுதிப் போட வேண்டும். சம்மதம் என்றால் இரண்டு பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கொடுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட் எந்த மாதம் காலாவதியாகிறது என்பதையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்பு மகள்