கொப்போடு விற்கப்படும் பாலைப்பழம்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் நடுப்பக்கத்தில், மாங்குளம் – முல்லைத்தீவு வீதியோரத்தில் பாலைப்பழம் விற்கும் ஒருவரின் வண்ணப்படம் வெளியாகியிருந்தது. வன்னியில் பழப் பருவம் தொடங்கிவிட்டது என்று மகிழ்ச்சியோடு ஒரு குறிப்பும் அதன் கீழ் இருந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆயினும் என் கண் முதலில் போய் நின்றது, அவர் பூச்செண்டைப்போல இரு கைகளிலும் அணைத்துப் பிடித்திருந்த கொப்புகளில். அந்தக் கொப்புகள் எங்கிருந்து, எப்படி வந்தன என்பதை அந்த வீதியால் நாள்தோறும் போய்வருகின்ற ஒருவன் என்ற முறையில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், ஒட்டுசுட்டானுக்கு மேற்கே, வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஒரு பெரிய பாலை மரத்தைப் பார்க்கப் போனேன். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதன் கிழக்குப் பக்கத்துக் கவர், அதாவது பெருங்கிளை, முழுவதும் இயந்திர வாளால் அரியப்பட்டு நிலத்தில் கிடந்தது. அரிந்த வாயிலிருந்து பால் வடிந்து, பட்டையில் கோடு கோடாக ஒட்டியிருந்தது. அதில் சிற்றெறும்புகள் சிக்கிக் கிடந்தன. கிடந்த கவரில் பழுத்த நுனிக் கொப்புகளை மட்டும் முறித்து எடுத்துப் போயிருந்தார்கள். எஞ்சிய கொப்புகளில் காய்கள் பச்சையாகவே இருந்தன. குனிந்து ஒரு கொப்பை எண்ணிப் பார்த்தேன். பழுக்காத காய் நாற்பத்திரண்டு இருந்தது. இன்னும் பதினைந்து நாள் பொறுத்திருந்தால் அவையும் பழுத்திருக்கும். ஒரு நாள் சந்தைக்காக, அந்த மரம் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த ஒரு கவர் போய்விட்டது.

பாலையை வெறும் தின்பண்டம் தரும் மரமாக நினைப்பவர்கள், அது எந்தக் காலத்தில் பழுக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கித் தை வரையில்தான். வைகாசிக்குப் பின் சோளகக் காற்று காடு முழுவதையும் உலர்த்திவிடும். காட்டு நீர்க்குழிகளான மோட்டைகள் வற்றி, சின்னக் குளங்கள் பாளம் பாளமாக வெடித்துவிடும். காட்டில் பல மரங்கள் இலையுதிர்த்து நிற்கின்ற அந்த மாதங்களில்தான், பாலை கரும்பச்சை இலையோடு நின்று, மஞ்சள் பழத்தைச் சொரிகிறது. பாலைத் திணைக்குப் பெயர் கொடுத்தது இந்த மரமா, வெட்பாலையா என்று தமிழறிஞர் வாதிடட்டும். வறட்சியில் உயிர்களைக் காப்பது எங்கள் பாலை என்பதில் எங்களுக்கு வாதம் இல்லை. அம்மரத்தில் காலையில் இருவாய்ச்சியும் குக்குறுவானும், இரவில் வௌவாலும் கூடும். மந்திகள் மேலே இருந்து பாதி தின்று பாதி உதிர்க்க, புள்ளிமான்கள் கீழே நின்று பொறுக்கும். வீரை மரமும் பாலையும் சேர்ந்து நிற்கும் காடு என்றால் அங்கே சீவனுக்குக் குறைவில்லை என்று எங்கள் முதியவர்கள் சொல்வது இதைக் கண்டுதான்.

இவை எல்லாவற்றிலும் கரடிக்கே பாலையோடு உறவு நெருக்கம். இலங்கையில் கரடி மலைநாட்டில் இல்லை. வறண்ட வலயத்துத் தாழ்நிலக் காடுகளில் மட்டுமே வாழ்கிறது. மேல்தாடையில் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு வெட்டும்பற்கள் அதற்கு இல்லை. அந்த இடைவெளியால் கறையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்சித் தின்னும் பிராணி அது. பாலை பழுத்துவிட்டாலோ புற்றை விட்டு மரத்தில் ஏறிவிடும். யால காட்டில் ஆனி, ஆடி மாதங்களில் பாலை மரத்தில் இருக்கும் கரடியைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பணம் கட்டி வருகிறார்கள். அதே கரடி, அதே மரம், அதே பழம் எங்களிடமும் இருக்கின்றன. நாங்களோ மரத்தின் கையை வெட்டி வீதியில் வைத்து விற்கிறோம்.

வற்றிய குளமொன்றின் அலைகரையில் ஒருமுறை கரடி போட்ட மலத்தைக் கண்டேன். அதில் முக்கால்வாசி பாலை விதைகள். மெருகிட்டாற்போலப் பளபளத்த கபில நிற விதைகள். மாரி தொடங்கி மூன்றாம் கிழமை அதே இடத்துக்குப் போனபோது, அங்கே கொத்தாக நாற்றுகள் முளைத்து நின்றன. நான் முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். நாற்றுமேடையில் பாலையை வளர்க்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். முளைத்தவை கொஞ்சம், முளைத்தவற்றுள்ளும் மூன்று ஆண்டில் என் முழங்காலைத் தாண்டியது ஒன்றே ஒன்று. சப்போட்டா, இலுப்பை, மகிழ் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரத்தின் அடிக்கட்டையில் சப்போட்டாவை ஒட்டுக்கட்டும் வழக்கம் இந்தியாவில் உண்டு. அவ்வளவு உரமான வேர் அதற்கு. ஆனால் உரம் வேறு, வேகம் வேறு. முன்பு ரெயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போடப்பட்ட இரும்பு போன்ற மரம், அந்த உறுதியை அவசரப்பட்டுச் சேர்ப்பதில்லை. எனவே, வெட்டிய இடத்தில் புதிதாக நட்டுவிடலாம் என்று மரநடுகை விழாக்களில் பேசுபவர்களின் பேச்சைப் பாலை விடயத்தில் நான் நம்புவதில்லை.

எங்கள் ஊர்களில் பாலைப்பழம் பொறுக்குவது நேற்று வந்த வழக்கமும் அல்ல, குற்றமும் அல்ல. பாலைப்பாணி என்று ஓர் ஊரே முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறது. என் அம்மம்மா பழத்தைப் பிசைந்து, வடித்து, காய்ச்சி, பாணியாக்கிச் சாடியில் வைத்திருந்ததும், பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட எங்களுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று ஒருவர் மேலே ஏறிக் கொப்பை உலுப்புவார். எட்டாததைக் கொக்கத்தடியால் தட்டுவார். கீழே பழைய சீலையோ சாக்கோ விரித்திருக்கும். பழுத்தது விழும், காய் மரத்திலேயே நிற்கும். பத்து நாள் கழித்து அதே மரத்துக்கு மீண்டும் போகலாம். போர்க்காலத்தில் நாங்களும் மரம் தறித்தோம் என்பதை மறைக்கவில்லை. பதுங்குகுழிக்கு மேல் போடுவதற்குக் கட்டை தேடியவனிடம் எந்த மரம் என்று யாரும் கேட்கவில்லை. இன்று அந்த நெருக்கடி இல்லை.

இன்று நடப்பது என்னவென்றால், வெளியூரிலிருந்து வாகனத்தில் வருபவர்கள் கொப்போடு இருக்கும் பழத்தையே விரும்புகிறார்கள். இலையோடு பார்க்கையில் பழம் புதிதாகத் தெரிகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதற்கும் அழகாக இருக்கிறது. அதனால் சுண்டு என்னும் சிறு அளவைக் கணக்கில் உதிரிப் பழம் விற்கும் பெண்களைத் தாண்டிப்போய்க் கொப்புக்காரனிடம் நிறுத்துகிறார்கள். கொப்பு முறிப்பவர்கள் பெரும்பாலும் லான்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரமும் இயந்திர வாளும் வைத்திருப்பவர்கள். வீதியோரத்து மரங்கள் மொட்டையானதும் அவர்கள் காட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போகிறார்கள். விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் பழ மரத்தடிக்கு வரும் கரடியோடு மனிதர் முட்டிக்கொள்வது இப்படித்தான். கரடி பாய்ந்தால் முகத்தைத்தான் கிழிக்கும். காயப்பட்டவருக்காக நாங்கள் எல்லோரும் வருந்துகிறோம். பிறகு ஊர் கூடி, கரடியைக் கொல்ல வேண்டும் என்கிறது.

காட்டு மரத்தை வெட்டுவது 1907 ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத்தின்படியே குற்றமாகும். வனவிலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் சட்டம் 1937 இலிருந்து இருக்கிறது. 2015 இல் எங்கள் வடக்கில் மடு வீதி எனப்படும் காட்டுப் பகுதியும் சுண்டிக்குளமும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. ஆகவே சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் காட்டுக்குள் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியாது. காட்டுக்குள் எவரும் காலே வைக்கக்கூடாது என்று மறித்தாலோ, சாக்கும் கடகமும் கொண்டு பகலில் போகும் பெண்கள்தான் பிடிபடுவார்கள், வாள் கொண்டு இரவில் போகிறவர்கள் பிடிபட மாட்டார்கள். எல்லைக்கல் நட்டு எங்கள் மக்களைக் காட்டிலிருந்து அந்நியப்படுத்துவதால் காடு பிழைக்கும் என்று நான் எண்ணவில்லை.

ஆகையால் நான் கேட்பது மிகச் சிறிய காரியம். பாலைப்பழத்தை உதிரியாக மட்டுமே விற்கலாம், கொப்போடு விற்கக்கூடாது என்று எங்கள் பிரதேச சபைகள் தீர்மானிக்க வேண்டும். இதனை நடைமுறைப்படுத்தக் காட்டுக்குள் போகத் தேவையில்லை. வீதியால் ஒரு மோட்டார் சைக்கிளில் போனாலே போதும். பழம் பெட்டியில் இருக்கிறதா, கொப்பில் இருக்கிறதா என்பதைப் பார்க்கப் பெரிய அதிகாரி வேண்டியதில்லை. ஏழைகளின் வயிற்றில் அடிப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். உதிரிப் பழம் விற்பவர்களே எங்கள் ஏழைகள். அவர்களுடைய வியாபாரம் இதனால் கூடுமேயன்றிக் குறையாது. பழத்தைப் பாணியாக்கிப் போத்தலில் அடைத்து விற்க மாதர் சங்கங்கள் முன்வந்தால், பருவம் முடிந்த பின்பும் அவர்களுக்கு வருமானம் இருக்கும். வாங்குகிறவர்களும், கொப்பை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுண்டுப் பழத்தைக் கேட்க வேண்டும்.

பருவம் முடிய இன்னும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருக்கின்றன. தங்கள் புகைப்படக்காரர் மீண்டும் இந்தப் பக்கம் வருவதானால், காலை ஏழு மணிக்கு முன்பாக ஒட்டுசுட்டான் சந்திக்கு வரச் சொல்லுங்கள். சாக்கு விரித்து உலுப்பிய பழத்தைக் கடகத்தில் சுமந்துகொண்டு பெண்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள். அடுத்த ஞாயிறு அவர்களுடைய படத்தையும் அதே நடுப்பக்கத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
ஒட்டுசுட்டான்.