மூன்று பின்களை நிமிர்த்திக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சிவகாசியில் வீட்டிலேயே கணினி வைத்துக்கொண்டு தினசரி காலண்டருக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதனால் ஆனி மாதம் முழுவதும் எங்களுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். அந்த மாதத்தின் நடுவில் என் கணினி படுத்துவிட்டது. அதை எழுப்பிக் கொடுத்த நான்கு பேருக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். அவசரத்தில் சொன்னது அது. என்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொன்னால்தான் என் மனம் ஆறும்.

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்தே கணினி வேலைக்கு நடுவில் தானாக அணைந்துகொண்டிருந்தது. கணினியின் மூளையான பிராசசரின் வெப்பம் 95 டிகிரியைத் தொட்டது. அதைக் குளிர்விக்கும் பழைய கூலரின் விசிறி கரகரத்தது, அதிலுள்ள உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. புதிய கூலர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மாற்ற உட்கார்ந்தேன். திருகுகளைக் கழற்றிவிட்டு நேராக மேலே இழுத்தேன். சடக்கென்ற ஒலியோடு பிராசசரும் சேர்ந்து வந்துவிட்டது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியது பூட்டியபடியே இருந்தது. பல ஆண்டுகளாகக் காய்ந்து இறுகிய தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்த பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசை) அத்தனை பிடியாகப் பிடித்திருந்தது. பதறிப்போய் பிராசசரைப் பிரித்தெடுத்துத் துடைத்து, சாக்கெட்டில் அழுத்தி உட்காரவைத்து, புதிய கூலரையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின. திரை இருட்டாகவே இருந்தது. பத்து முறையாவது அணைத்து அணைத்துப் போட்டிருப்பேன்.

அச்சகத்து அக்கா, அந்த நேரத்தில் புரூஃப் கேட்டு நீங்கள் அழைத்தது என் நல்ல காலம். "இனிமேல் அந்தப் பட்டனைத் தொடாதே. முதலில் வேலையைக் காப்பாற்று" என்றீர்கள். கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியை மட்டும் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் கணினியில் மாட்டி, அத்தனை கோப்புகளையும் நகலெடுத்துக் கொடுத்தீர்கள். ஜூலை வரை முடித்திருந்த பக்கங்கள் அப்படியே இருந்தன. நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் என்று நாள்வாரியாக ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து ஏற்றிய பக்கங்கள் அவை. இரண்டு இரவுகள் அச்சகத்துச் சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

சர்வீஸ் கடை அண்ணனுக்கு அன்று கடை நிறைய ஆட்கள். கொண்டுவந்தால் மூன்று நாள் ஆகும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, தொலைபேசியிலேயே கேள்வி கேட்கத் தொடங்கினார். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கேள்விகள்தான். எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பலகையான மதர்போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம் எனும் நினைவகம்), விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும், அவற்றில் எது எரிந்து நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். சிபியு விளக்கு எரிந்தது. உடனே அவர் கேட்டது, "மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பிராசசருக்கு வரும் எட்டுப் பின் வயர் மாட்டியிருக்கிறதா?" பக்கத்து வீட்டுத் தம்பி டார்ச் அடித்துப் பார்த்தான். கூலருக்கு இடம் வேண்டும் என்று நான் தளர்த்தி வைத்த அந்த வயர், பாதி செருகிய நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மதர்போர்டுக்கு வரும் 24 பின் வயர் சரியாக இருந்ததால் விசிறிகள் மட்டும் சுற்றியிருக்கின்றன. அதை அழுத்தி மாட்டியதும் சிபியு விளக்கு அணைந்து டிரேம் விளக்கு எரிந்தது.

தம்பி, அதற்குப் பிறகு நீ காட்டிய பொறுமையை நான் மறக்க மாட்டேன். மறுநாள் உனக்குப் பரீட்சை. இரண்டு ரேமில் ஒன்றை எடுத்து ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்து, முடிவைத் தாளில் குறித்துக்கொண்டே வந்தாய். ஒரு பக்கத்து ஸ்லாட்டுகளில் எந்த ரேமைப் போட்டாலும் திரை வந்தது, மறுபக்கத்தில் எதைப் போட்டாலும் வரவில்லை. ஆகவே ரேம் கெடவில்லை. ரேமோடு நேரடியாகப் பேசுவது பிராசசர் என்பதால், அந்தப் பக்கத்துக்குப் போகும் பின்களில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று நீ சொன்னாய். இந்த முறை அண்ணன் சொன்னபடி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிடிப்பைத் தளர்த்திய பிறகே தூக்கினோம். (பழைய பேஸ்ட்டாக இருந்தால் பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டு, பேஸ்ட் சூட்டில் இளகிய பிறகு அணைத்துவிட்டு இப்படிச் செய்ய வேண்டுமாம். கூலர் மாற்றப் போகும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.) பிராசசரைத் திருப்பிப் பார்த்தோம். என்னுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் வகையில் பிராசசரின் அடியிலேயே 1331 பின்கள் இருக்கின்றன. அவற்றில் ஓரத்து வரிசையில் மூன்று மடங்கிக் கிடந்தன.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. புதிய பிராசசர் வாங்கும் நிலையில் நான் இல்லை.

கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் ஐயாவிடம் போகலாம் என்றது தம்பிதான். ஐயா, நீங்கள் அதுவரை பிராசசரைக் கையில் எடுத்ததே இல்லை. அதையும் எங்களிடம் மறைக்காமல் சொன்னீர்கள். கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பின்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, அடி முறிந்திருக்கிறதா என்று பார்த்தபின், "ஒரு தடவை நிமிரும். திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். ஒரே தடவையில் முடிக்கப் பார்க்கிறேன்" என்றீர்கள். இடுக்கியால் பின்னை லேசாக எழுப்பி, லீடை எடுத்துவிட்ட தம்பியின் மைக்ரோ டிப் பென்சில் முனையை அதன்மேல் குல்லாய்போலக் கவிழ்த்து, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினீர்கள். பின்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. விசிறிக் காற்று வேண்டாம் என்று அதையும் அணைத்துவிட்டு, வேர்வை வழிய முக்கால் மணி நேரம் குனிந்தே இருந்தீர்கள். கூலியாகக் கேட்டது ஐம்பது ரூபாய்.

வீட்டுக்கு வந்து வைத்தபோது, அழுத்தாமலேயே பிராசசர் சாக்கெட்டில் தானாக இறங்கி உட்கார்ந்தது. முதல் நாள் நான் அழுத்தியிருக்கவே கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. கூலரின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். விசிறி வயரைச் சிபியு ஃபேன் என்று எழுதியிருந்த இடத்தில் மாட்டினோம். ஸ்விட்சைப் போட்டதும் நான்கு விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன, திரை வந்தது, 16 ஜிபி ரேமும் தெரிந்தது. ஒரு மணி நேரம் கோரல் டிராவில் படங்களைப் போட்டு வாட்டியும் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை.

டிசம்பர் 31 வரை எல்லாப் பக்கங்களும் அச்சுக்குப் போய்விட்டன. அக்கா, அச்சகச் சாவியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தம்பி, உன் பென்சிலை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அண்ணன் போனில் சொன்னதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் கடைக்கான பில் புத்தகத்தை நான் வடிவமைத்துக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். ஐயா, தேதி எழுத்து பெரிதாக இருக்கும் காலண்டர் வேண்டும் என்று கேட்டீர்கள். முதல் கட்டு பைண்டிங்கிலிருந்து வந்ததும் நானே கொண்டுவந்து உங்கள் கடைச் சுவரில் மாட்டுகிறேன்.

நன்றியுடன்,
காலண்டருக்குப் பக்கம் அமைக்கும் உங்கள் சகோதரி,
சிவகாசி