முருகேசனுக்கு, கடை விஷயமாக

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள முருகேசா,

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் மனசு ஆறியது. நான் விசாரித்ததாகச் சொல்.

அப்பா காலத்து மளிகைக் கடையை ஒரு கம்பெனியின் ஃபிரான்சைஸுக்கு, அதாவது அவர்கள் பெயரில் நாமே நடத்தி அவர்களுக்குப் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டுக்கு, கொடுக்கலாம் என்று பையன் நிற்பதாக எழுதியிருந்தாய். இங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன் என்கிற சில்லறைக் கடைகளை வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1927இல் அமெரிக்காவில், டல்லாஸில், ஐஸ் கட்டி விற்ற இடத்தில் பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து விற்கப்போய்த் தொடங்கியது இது. காலை 7 முதல் இரவு 11 வரை திறந்திருந்ததால் 1946இல் அந்தப் பெயர். ஜப்பானின் முதல் கடை 1974இல் இங்கே டொயோசுவில் வந்தது. அதற்கு முன் அது ஒரு குடும்பம் நடத்திவந்த மதுக்கடை. உன் நிலைமையேதான். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உன்னை நினைத்துக்கொண்டேன்.

பெயர்ப்பலகை ஒன்றுதான், நடத்துகிறவர்கள் நாட்டுக்கு நாடு வேறு. தாய்லாந்தில் சி.பி. ஆல், தைவானில் யூனி-பிரெசிடென்ட் குழுமம், மும்பையில் 2021 முதல் ரிலையன்ஸ். சரக்கும் அந்தந்த ஊர் வாய்க்கு ஏற்றதுதான். தைவானில் தேயிலைத் தண்ணீரில் வெந்த முட்டை; இங்கே கடற்பாசித் தாள் சுற்றிய ஒனிகிரி என்கிற சோற்று உருண்டை. அதன் உறையின் நடுவில் ஒரு நாடா இருக்கும். இழுத்தால் உறை இரண்டாகப் பிரியும். சோற்றுக்கும் கடற்பாசித் தாளுக்கும் நடுவே இன்னொரு மெல்லிய உறை இருப்பதால், தாள் நமத்துப்போகாமல் அப்பளம் மாதிரி நொறுங்கும். இப்படி யோசிக்கத் தெரிந்ததால்தான், கடனில் மூழ்கிய அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் பெரும்பங்கை 1991இல் உரிமம் எடுத்த ஜப்பான்காரர்களே வாங்கினார்கள். எல்லா ஊரிலும் இது எடுபடவில்லை. இந்தோனேசியாவில் 2017இல் மொத்தமாக மூடிவிட்டார்கள்.

நீ கவனிக்க வேண்டியது பங்குக் கணக்கு. ஜப்பானில் தலைமைக் கம்பெனி எடுப்பது விற்பனையில் பங்கு இல்லை. விற்ற விலையில் கொள்முதல் போக மிஞ்சுவதில் பங்கு. விற்காமல் தூக்கிப்போடும் சாப்பாட்டை அந்தக் கொள்முதலில் சேர்ப்பதில்லை. அதனால் வீணானதில் பெரும்பகுதி கடைக்காரர் தலையில். ஆள் சம்பளமும் அவர் தலையில்தான். கெடு நெருங்கிய சாப்பாட்டை விலை குறைத்து விற்கவிடாமல் கடைக்காரர்களைத் தலைமைக் கம்பெனி தடுக்கக் கூடாது என்று 2009இல் நியாய வர்த்தக ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது. 2019இல் ஒசாகா பக்கம் ஒரு கடைக்காரர், ஆள் கிடைக்காமல் 24 மணி நேரம் திறந்துவைக்க முடியாது என்று நேரத்தைக் குறைத்தார். அந்த ஆண்டுக் கடைசியில் அவர் ஒப்பந்தத்தையே முறித்துவிட்டார்கள். படித்தபோது வயிறு கலங்கியது, முருகேசா. அவருடையதும் குடும்பத்தோடு நின்று பார்த்த கடைதான்.

பையனை வேண்டாம் என்று தடுக்காதே. பங்கு எதன்மேல், வீணானது யார் கணக்கில், எத்தனை மணி நேரம் திறக்க வேண்டும், நடுவில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்று அந்தக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்கச் சொல். ஒப்பந்த நகல் வந்ததும் எனக்கு அனுப்பு. பொங்கலுக்கு வருகிறேன், உன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று பேரும் வரி வரியாகப் படிப்போம். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
சேகர்