பையின் அடியில் கிடக்க வேண்டிய உணவு

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறையில் மலையேறப் போகும் இளைஞர்களுக்காக உங்கள் வார இதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். காலணி, மழைச்சட்டை பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அவசர உணவு என்ற பகுதியில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. சொக்லேட், நூடுல்ஸ், உருளைக்கிழங்குச் சீவல் என்று அடுக்கியிருக்கும் அந்தக் குறிப்பை எழுதியவர், ஒரு மே மாத நண்பகலில் திருகோணமலை பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

சொக்லேட் நம் உடல் சூட்டுக்கே உருகிவிடும். கச்சான் எனும் வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கிருந்து புறப்படும் பையில் அது ஹபரணையைத் தாண்டுவதற்குள் கூழாகியிருக்கும். நூடுல்ஸுக்கு அடுப்பும் கொதிநீரும் வேண்டும். வழி தவறி, நனைந்து, இருட்டிய பிறகு இரண்டையும் எங்கே தேடுவது? அப்படியே நொறுக்கித் தின்னலாம் என்பார்கள். தின்னலாம்தான், கூடவே வரும் உப்புத்தூள் தொண்டையை வறட்டி, போத்தலில் மிஞ்சியிருக்கும் தண்ணீரையும் தீர்த்துவிடும். சீவல் பக்கெட்டில் பாதி காற்று.

வழியில் கொறிப்பதற்குக் கொண்டுபோவது வேறு, ஆபத்துக்கென்று வைத்திருப்பது வேறு. முன்னதை அவரவர் நாக்கு தீர்மானிக்கட்டும். பின்னது கெடக்கூடாது, உருகக்கூடாது, நெருப்புக் கேட்கக்கூடாது, அதிகம் தண்ணீர் கேட்கக்கூடாது. இன்னொன்றும் சொல்வேன்: அது அவ்வளவு ருசியாக இருக்கவும் கூடாது. ருசியான பண்டம் முதலாவது ஏற்றத்திலேயே நண்பர்கள் கைக்குப் போய்விடும்.

இதற்கு வெளிநாட்டுச் சத்துக்கட்டிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 100 கிராம் வறுத்த கச்சானில், அதாவது நிலக்கடலையில், ஏறத்தாழ 570 கலோரி இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் எந்தக் கடையிலும் கிடைக்கும் பேரீச்சம்பழத்தில் அதே எடைக்கு 280 அளவில் வரும். கச்சானின் கொழுப்பு மெதுவாக எரியும், பழத்தின் இனிப்பு உடனே இரத்தத்தில் சேரும். ஒவ்வொன்றிலும் 150 கிராம் எடுத்தால் 1,250 கலோரிக்கு மேல். ஓர் இரவைக் காட்டில் கழிக்க நேர்ந்தவனுக்கு இது தாராளம். எள்ளுருண்டையும் நல்லதே. அவலைப் பச்சைத் தண்ணீரில் நனைத்தே தின்னலாம். சமபோஷ போன்ற வேகவைத்த தானிய மாவையும் சிறிது தண்ணீரும் சர்க்கரையும் விட்டுப் பிடித்துச் சாப்பிடலாம். தேங்காய்ப்பூ மட்டும் சேர்க்க வேண்டாம், அது பைக்குள் புளித்துவிடும். கச்சான் வாங்கும்போது சுருங்கியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைத் தாக்கும். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளை குழுவில் இருக்கிறதா என்பதைப் பயணத்துக்கு முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்தவன். ஆகவே சோற்றுப் பார்சலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குச் சூடாகக் கட்டி, பஸ்ஸில் வெயில் படும் பக்கம் வைத்து, மத்தியானம் மலையடிவாரத்தில் பிரிக்கிறார்கள். வேகவைத்த சோற்றிலும் உயிர் பிழைத்திருக்கக்கூடிய கிருமி ஒன்று உண்டு. வெதுவெதுப்பில் அது பெருகி நஞ்சை விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பாற்கறியும் தேங்காய்ச் சம்பலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வாந்தியெடுத்தபடி செங்குத்தான பாதையில் இறங்குவதைவிடப் பசியோடு இறங்குவது மேல். பார்சலைக் காலைச் சாப்பாடாகவே முடித்துவிடுங்கள்.

உங்கள் குறிப்பில் ஓரிடத்திலும் ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள், இல்லை. நம்முடைய வெப்பத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பசியல்ல, வியர்வையோடு போன நீரும் உப்பும்தான். பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். சிறிய போத்தலில் கொட்டிக் கெட்டியாகக் குடிப்பதும் சோடாவில் கலப்பதும் கெடுதல். பக்கெட் இல்லையென்றால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் தீர்ந்துவிட்ட நிலையில் நிறையச் சாப்பிடுவதும் நல்லதல்ல. கருவாட்டுப் பொரியலும் உப்புக் கடலையும் அப்போது எதிரிகள்.

இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் இப்போது மலையேறுகிறார்கள். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் உடனே வேண்டியது மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ். அங்கே கச்சானும் சொக்லேட்டும் உதவா. கொழுப்பு இனிப்பைத் தாமதப்படுத்திவிடும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இந்தச் சீனி பையில் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும், கூட வருபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் வெருகலுக்குப் போகிறார்கள். உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகளுக்குள் நுழையும்போது அவர்கள் மூட்டையில் இருப்பது அவலும் மாவும் சர்க்கரையும்தான். யாத்திரை போய்வந்த ஒரு பாட்டியிடம் கேட்டிருந்தாலே உங்கள் பட்டியல் வேறு மாதிரி அமைந்திருக்கும்.

கட்டும் விதமும் கவனிக்க வேண்டியது. ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பொலித்தீன் உறைகளைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். முதலிலேயே மூடியுள்ள டப்பாவில் போட்டுக்கொண்டால் குரங்குக்கும் மழைக்கும்கூடக் காவல். பொலித்தீன் என்ன செய்யும் என்பதை பிரெட்ரிக் கோட்டை மான்கள் குப்பையை மேய்வதைப் பார்க்கும் நாங்கள் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. யானை நடமாடும் இடங்களில் தங்க நேர்ந்தால் வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் கூடாரத்துக்குள் வைத்துப் படுக்காதீர்கள்.

வெசாக்கோடு சிவனொளிபாதமலைப் பருவம் முடிந்தால் மார்கழிப் போயா வரை வழியில் விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. அந்த மாதங்களிலும் பிள்ளைகள் ஏறத்தான் செய்கிறார்கள். ஆகவே திருத்திய பட்டியலை அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள், 1990 அம்பியூலன்ஸ் எண்ணையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
உப்புவெளி, திருகோணமலை.