பழைய கச்சேரிக் கட்டடங்கள் நூலகமாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படிக்கும் என் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, சான்சரி லேனில் உள்ள அக்கல்லூரியின் மாகன் நூலகத்தினுள் அவளோடு சென்றுவரும் வாய்ப்புக் கிடைத்தது. அது முதலில் நூலகமாகக் கட்டப்பட்டதன்று. அரசு ஆவணங்களைக் காப்பதற்கென்று பென்னதார்ன் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி 1851-ல் தொடங்கி எழுப்பப்பட்ட காப்பகம் அது. 1834-ல் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானதைக் கண்ட தலைமுறை கட்டியதாதலால், ஓர் அறையில் தீப்பற்றினாலும் அடுத்த அறைக்குப் பரவாதபடி சிறு சிறு அறைகளாகப் பிரித்து, இரும்புக் கதவும் கற்பலகை அடுக்கும் வைத்திருக்கிறார்கள். 1086-ஆம் ஆண்டின் நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏடு இங்குதான் நெடுங்காலம் இருந்தது. ஆவணங்கள் கியூ என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டபின், 2001-ல் கட்டடம் கல்லூரியின் கைக்கு வந்தது. பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட வாசிப்பறையில், மேலிருந்து விழும் வெளிச்சத்தில், மாணவர்கள் சந்தடியின்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கிருந்து எழுந்துவர மனமில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருவிதாங்கூர் மன்னர் காலத்துக் கச்சேரிகள் எனப்பட்ட அரசு அலுவலகங்களும் பிற ஓட்டுக்கூரைக் கட்டடங்களும் உள்ளன. புதுக் கட்டடம் எழும்பியதும் பழையது பூட்டப்படுகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் மண்ணில், ஓடு சரிந்த கட்டடம் எத்தனை ஆண்டு தாங்கும்? அதே வேளையில், 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணைந்த நம் ஊர்களின் முந்தைய வரலாற்றை ஆராயும் மாணவர் இன்றும் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலை ஆவணங்கள் போன்ற அரிய சான்றுகள் கிடைத்த மாவட்டம் இது என்பதை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

ஆகவே, உறுதியாக நிற்கும் பழைய கட்டடம் ஒன்றையேனும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நூலகமாக்கி, திருவிதாங்கூர் ஆவணங்களின் படிகளை அங்கே வைக்க அரசு முன்வர வேண்டும். புத்தகப் பாரத்தை மரத் தளங்கள் தாங்கா என்பதால் அடுக்குகளைக் கீழ்த்தளத்திலும் வாசிப்பறையை மாடியிலும் அமைக்கலாம். லண்டனில் அஞ்சியது நெருப்புக்கு. இங்கே அஞ்ச வேண்டியது ஈரத்துக்கும் கரையானுக்கும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடாமல், பழைய கட்டுமானம் அறிந்த கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டே வேலை நடக்க வேண்டும். முதற்கட்டமாக, பூட்டிக் கிடக்கும் கட்டடங்களின் ஓடுகளை அடுத்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் மாற்றித் தருமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தக்கலை.