கேசா வெர்மெஷ் பாராட்டு மலர்: நம் நன்றியும் இந்த வார வாசிப்பும்

நண்பர்களே, வணக்கம். 1990இல் யூத வரலாற்று அறிஞர் கேசா வெர்மெஷுக்காக ஃபிலிப் டேவிஸும் ரிச்சர்ட் வைட்டும் தொகுத்த பாராட்டு மலரை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம். சொந்த ஆய்வை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொருவருக்காக உட்கார்ந்து கட்டுரை எழுதிக் கொடுத்தார்களே, அந்த சக ஆய்வாளர்கள் அத்தனை பேருக்கும் மனசார நன்றி. அவர் உயிரோடு இருந்தபோதே செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பெற்றோரை நாசிகளிடம் பறிகொடுத்து, கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்து, பிறகு யூத அடையாளத்துக்கே திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தியவர் அவர். சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய யூதக் கையெழுத்துப் படிகளான சாக்கடல் சுருள்களை 1962இலேயே ஆங்கிலத்தில் பொதுவாசகர் கைக்குக் கொண்டுவந்தவர். ஆனால் நான் அதிகம் மதிப்பது ஜெர்மன் அறிஞர் ஷூரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய யூத வரலாற்று நூலை மில்லர், பிளாக் ஆகிய ஆய்வாளர்களோடு சேர்ந்து திருத்தி எழுதிய வேலையைத்தான். இரண்டாம் தொகுதியில் (1979) ‘வாழ்வும் சட்டமும்’ என்ற அத்தியாயத்தைப் பாருங்கள்; சட்டம் என்பது இங்கே யூத வேதச் சட்டம். யூதர்களின் அன்றாடச் சமய வாழ்வையே சுமையாகக் காட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தப்பெண்ணத்தை அதிலிருந்து பொறுமையாகக் களைந்திருக்கிறார்கள்.

சரி, மலரில் உங்களுக்குப் பிடித்த கட்டுரை எது, ஏன் என்று ஞாயிறுக்குள் இங்கேயே எழுதுங்கள். குரல்பதிவாக இருந்தாலும் பரவாயில்லை.