குளியலறை வேலைக்கு எது வரை அனுமதி வேண்டாம்? வேலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் நகரமைப்புப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம். வேலூரில் கட்டட வேலை பார்க்கும் பொறியாளர்கள், கொத்தனார்கள், பிளம்பர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். பழைய குளியலறையை இடித்துப் புதிதாகச் செய்ய வருபவர்கள் முதலில் கேட்பது, "சார், இதுக்கு அப்ரூவல் வேணுமா?" என்பதுதான். ஒருவர் வேண்டாம் என்கிறார், இன்னொருவர் ஆயிரங்கள் செலவாகும் என்று பயமுறுத்துகிறார். உண்மையில் அனுமதி தேவைப்படும் வேலைகள்தான் சத்தமில்லாமல் நடந்து முடிகின்றன.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் நோக்கம் தெளிவாகவே இருக்கிறது. டைல்ஸ் மாற்றுவது, பூச்சு, பெயின்ட் போன்ற பழுதுபார்ப்புக்கு அனுமதி தேவையில்லை. கட்டடப் பரப்பு கூடினாலோ, பாரம் தாங்கும் சுவர், உத்திரம், தளம் ஆகியவற்றில் கை வைத்தாலோ அனுமதி வேண்டும். குழப்பம் வருவது இடையில்தான். படுக்கையறை மூலையில் அரைக்கல் சுவர் (அரைச் செங்கல் கனமுள்ள மெல்லிய சுவர்) எழுப்பி அட்டாச்டு பாத்ரூம் போடுவது எந்தப் பக்கம்? கொல்லைக் கழிவறையை வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கூரை போடுவது? மாடியில் புதிதாக ஒன்று கட்டுவது?

மாடி விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 5 அடிக்கு 8 அடி அறையில் தரையை ஓரடி உயர்த்தி, குழாய் போட்டு, செங்கல் ஜல்லி நிரப்பினால் 40 கன அடி வருகிறது. அதுவே இரண்டு டன்னை நெருங்கும். 10 அடி உயர அரைக்கல் சுவர் ஓரடி நீளத்துக்குச் சுமார் 200 கிலோ. 8 அடிச் சுவர் ஒன்றுக்கே 1,600 கிலோ. இந்தப் பாரம் பீம் இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் தளம் தொய்ந்து, கீழறைக் கூரையில் விரிசல் விடும். கொசப்பேட்டை, வேலப்பாடி போன்ற பகுதிகளின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்டவை) ஆபத்து இன்னும் கூடுதல். சுவருக்குள் நுழையும் மர உத்திரத்தின் முனைதான் முதலில் உளுக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூடிரைவரை முனையருகே அழுத்திப் பார்த்தால் மரம் பஞ்சாக உள்வாங்கும். அப்படி உள்ள வீட்டில் மேலே ஈரம் தங்கும் அறை கட்டவே கூடாது. மற்ற வீடுகளிலும் மாடிக் குளியலறைக்குப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

அடுத்தது கழிவுநீர். பாதாளச் சாக்கடை இணைப்பு வராத தெருக்களில், கழிவறையைக் கொல்லைப் பக்கம் நீட்டும்போது செப்டிக் டேங்கின் மூடி டைல்ஸுக்கு அடியில் போய்விடுகிறது. தொட்டி நிரம்பினால் தரையை உடைக்க வேண்டும், அல்லது யாரையாவது உள்ளே இறக்கும் எண்ணம் வருகிறது. அப்படி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே மூடி வெளியில், கழிவுநீர் லாரியின் குழாய் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பது அனுமதித் தாளிலேயே கேள்வியாக இருக்கட்டும். தொட்டியின் கழிவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 30க்கு 40 அடி மனையில் அந்தத் தூரம் எங்கே கிடைக்கும்? பக்கத்து வீட்டுக் கிணறும் போர்வெல்லும் கணக்கில் வர வேண்டும். தூரம் கிடைக்காத மனைக்கு உறிஞ்சுகுழியே வேண்டாம், கசியாத மூடிய தொட்டிதான் என்று நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

கழிவுக் குழாய்க்குக் காற்று விடும் வென்ட் பைப்பும் அப்படித்தான். செலவைக் குறைக்க அதை விட்டுவிடுகிறார்கள். ஃப்ளஷ் செய்யும் வேகத்தில் டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் வளைவில்) நிற்க வேண்டிய 50 மில்லிமீட்டர் தண்ணீரும் இழுபட்டுப் போய், தொட்டியின் நாற்றம் அறைக்குள் வருகிறது. ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் அது போகாது.

டைல்ஸ் ஒட்டிய பின் எந்த அதிகாரி வந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எனவே அனுமதி தேவைப்படும் வேலைகளுக்கு மூடும் முன் ஒரே ஒரு பார்வை போதும். வாட்டர்புரூஃப் பூசிய தரையில் வெளியேறும் துளையை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, 48 மணி நேரம் விட வேண்டும். கீழறைக் கூரையில் ஈரம் படிகிறதா என்று பார்க்க வேண்டும். கீசர் லைனுக்குத் தனி எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என்பதை அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவதாக விண்ணப்பிப்பவரே சான்று தரும் முறை) 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. 40 சதுர அடி குளியலறைக்கும் அதே எளிமை வேண்டும். ஒரு பக்கத் தமிழ் விண்ணப்பம், கைவரைபடம், இரண்டு புகைப்படம், பாரம் கூடினால் மட்டும் பொறியாளர் சான்று. கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் பதில் என்பது அதிலேயே அச்சாகி, சத்துவாச்சாரி முதல் காட்பாடி வரை எல்லா மண்டல அலுவலகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். அந்தத் தாளின் வரைவை எழுதித் தர எங்களில் மூவர் எப்போது அழைத்தாலும் வரத் தயார்.

இப்படிக்கு,
வேலூர் கட்டடப் பொறியாளர்கள், கொத்தனார்கள், பிளம்பர்கள்